பன்னிரண்டு பல்பும் ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் சரவிளக்கை நான் கேட்டு வாங்கவில்லை. 2021 தை மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்த கையோடு, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் கணவர் கிளம்பினார். எனாமல் தூக்குச்சட்டியோ பித்தளைச் செம்போ வாங்கி வருவார் என்று நினைத்தேன். சாயங்காலம் வாடகை வேனில், வைக்கோல் திணித்த இரண்டு மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். பன்னிரண்டு கிளைகள் கொண்ட கண்ணாடிச் சரவிளக்கு. பழைய ஆட்கள் லஸ்தர் என்பார்கள். பெல்ஜியம் கண்ணாடி என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தத் தெருவில் பெல்ஜியம் அல்லாத கண்ணாடியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. விலையை அவர் இன்றுவரை என்னிடம் ஒரே தொகையாகச் சொன்னதும் இல்லை.

மதுரையில் நாங்கள் கட்டிய வீட்டின் கூடம் இரண்டு மாடி உயரம். அதுவும் அவருடைய ஆசைதான். அந்த உயரத்துக்கு ஒரு விளக்கு வேண்டுமே என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே விளக்கு வந்தது, தொங்கியது, எரிந்தது. கடைக்காரரே பன்னிரண்டு கிளைகளிலும் மெழுகுவர்த்திச் சுடர் வடிவத்தில் 40 வாட் குண்டு பல்புகளைப் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் நாள் இரவு சுவிட்சைப் போட்டபோது, குறை சொல்லக் காத்திருந்த நானே வாயடைத்துப்போனேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நூற்றுச்சொச்சம் கண்ணாடித் தொங்கட்டான்களும் சுவரெங்கும் சின்னச் சின்ன வானவில் துண்டுகளைச் சிதறவிட்டன.

விசேஷ நாட்களில் மட்டும்தான் போடுவது என்று பேச்சு. ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு என் மாமியார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். அவருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவில் உட்காருவார். சரவிளக்கு எரிந்தால்தான் எதிரில் இருக்கும் முகம் தெரிகிறது என்பார். அத்தை கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? இரவு பத்தரை வரை தினமும் எரிந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஆனாலும் இந்த விளக்கின் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மலிவு விலைக்கு எல்இடி பல்பு விற்றபோது வரிசையில் நின்று வாங்கி, பழைய வீட்டில் சமையலறை, குளியலறை, மாடிப்படி எல்லாவற்றிலும் மாட்டியவள் நான். புது வீட்டிலும் குண்டு பல்பே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தின் நடுவில் பன்னிரண்டு குண்டு பல்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அழகுப் பொருள் என்று ஒன்றை மனத்தில் ஒதுக்கிவிட்டால், அது மின்சாரம் தின்னும் பொருள் என்பது கண்ணில் படுவதில்லை.

படவைத்தது 2022 டிசம்பர் மாத ரீடிங். செப்டம்பரில் கட்டணம் உயர்ந்த பிறகு வந்த முதல் முழு இரண்டு மாதக் கணக்கு அது. 594 யூனிட். 2702 ரூபாய். மழைக்காலம், ஏசி அதிகம் ஓடவில்லை. எங்கே போகிறது இவ்வளவு யூனிட்?

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். மின்சார மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மினுங்கும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது அந்தப் புள்ளி 3200 முறை மினுங்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். ஃபிரிட்ஜ், டிவியின் பிளக், வைஃபை பெட்டி, எல்லோரும் மறந்துவிடும் இன்வெர்ட்டர் எல்லாம்தான். புள்ளி அசையாமல் நின்றது. பிறகு சரவிளக்கை மட்டும் போட்டுவிட்டு, கையில் செல்போன் கடிகாரத்தோடு மீட்டர் பெட்டி முன்னால் நின்று எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 26 முறை. 26-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 0.4875. ஏறத்தாழ அரை கிலோவாட். பாதி அயர்ன் பாக்ஸைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, தினமும் நாலரை மணி நேரம் எரித்துக்கொண்டிருக்கிறோம். அறுபது நாளுக்கு 130 யூனிட். வாசலில் கொசுக்கடியோடு நின்று இந்தக் கணக்கைப் போட்டேன்.

இந்த 130 யூனிட் பில்லில் எந்த இடத்தில் போய் உட்கார்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. சரியாக 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஆனால் 1734 கூட வராது என்றுதானே தோன்றும்? 1958 வரும். 500-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த 2.25 ரூபாய்ச் சலுகை கிடையாது, 101-லிருந்தே 4.50 போட்டுவிடுவார்கள். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். அதற்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய், 600-ஐத் தாண்டினால் 9. அதன் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, ஆனாலும் 2024 கட்டணத்திலும் இந்த 500-இன் படிக்கட்டு அப்படியே இருந்தது. ஆகவே என் 594 யூனிட்டை வெறுமே வகுத்து, யூனிட் நாலரை ரூபாய் சொச்சம், 130 யூனிட் போனால் 600 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டால் தப்பு. குறையும் யூனிட் எப்போதும் உச்சியிலிருந்துதான் குறையும். அங்கேதான் விலை அதிகம்.

என் கணவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் விளக்கைப் போடவே கூடாதா?" என்றார். "பல்பை மாற்றலாம்" என்றேன். "எல்இடி போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார். அதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் நான் செய்த வேலையால், அவர் சொன்னதுதான் பலித்தது.

அந்த வாரமே கடைக்குப் போய், கையில் கிடைத்த 9 வாட் உருண்டை எல்இடி பல்புகள் பன்னிரண்டு வாங்கினேன். வெள்ளை வெளிச்சம், பின் போட்டு மாட்டும் சாதாரண வகை. சரவிளக்கில் இருப்பதோ சின்ன மரை ஹோல்டர். கடைகளில் இ14 என்றால் எடுத்துத் தருவார்கள். மரையைப் பின்னாக மாற்றும் இணைப்பியும் பன்னிரண்டு வாங்கினேன். எலக்ட்ரீஷியன் தம்பி ஏணி மேலிருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாட்டி முடித்ததும் கண்ணாடிக் கிண்ணங்களிலிருந்து பன்னிரண்டு வெள்ளைத் தலைகள் எட்டிப் பார்த்தன. சுவிட்சைப் போட்டோம். கூடம் பல் மருத்துவரின் அறையாக மாறிவிட்டது. தொங்கட்டான்கள் எல்லாம் பிளாஸ்டிக் போலத் தெரிந்தன. வானவில் துண்டு ஒன்றுகூட இல்லை. அத்தையின் நெற்றிக் குங்குமம் பழுப்பாகத் தெரிந்தது. "யாருக்குத்தா உடம்பு சரியில்லை?" என்று அத்தை கேட்டார். என் கணவர் அன்று இரவு முழுக்கப் பெருந்தன்மையோடு ஒன்றும் பேசாமல் இருந்தார். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

தப்பு எல்இடியில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த பல்பில் என்று பிறகு புரிந்தது. கண்ணாடி மின்ன வேண்டுமென்றால், ஒளி ஒரு சின்ன இடத்திலிருந்து கூர்மையாக வர வேண்டும். குண்டு பல்பின் இழை மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் ஒளி தொங்கட்டானின் பட்டைகளில் உடைந்து நிறமாகச் சிதறும். பால் நிற மூடி போட்ட எல்இடியில் உருண்டை முழுவதுமே ஒளிர்கிறது. அந்தப் பரந்த ஒளியில் பட்டைக்கு வேலையே இல்லை. இதற்கென்றே இழை வடிவ எல்இடி பல்பு வருகிறது. தெளிவான கண்ணாடிக் கூட்டுக்குள் மஞ்சள் குச்சிகள் போல நாலைந்து நிற்கும். மெழுகுவர்த்தி வடிவத்திலும், சின்ன மரையிலும் கிடைக்கிறது. இரண்டாவது விஷயம் நிறம். பெட்டியில் 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் பாய்ந்த வெள்ளை, 2700 கே என்றால் குண்டு பல்பின் மஞ்சள். நான் முதலில் வாங்கியது 6500. மூன்றாவது சிஆர்ஐ. பொருள்களின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான எண் இது. 80-க்குக் கீழே போனால் குங்குமமும் சுங்குடிச் சேலையும் சோகையாகத் தெரியும். பெட்டியில் அந்த எண்ணையே போடாத பல்பை நான் இப்போது எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். ‘ஆர்’ என்று தொடங்கும்.

வாட்டைப் பார்த்து வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. வாட் என்பது பல்பு தின்பது, தருவது லூமென். 40 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சம் சுமார் 400 லூமென். நான் இரண்டாவதாக வாங்கிய இழை எல்இடி 4 வாட், பெட்டியில் 400 லூமென். ஒன்று 150 ரூபாய். இரண்டு உபரியையும் சேர்த்துப் பதினான்கு, 2100 ரூபாய். முதலில் வாங்கிய வெள்ளைப் பல்புகள் இன்றும் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் எரிந்துகொண்டிருக்கின்றன. வண்டி நிறுத்தும் இடத்தில் மட்டும் மூன்று.

புது பல்புகளை மாட்டிய அன்று வானவில் துண்டுகள் சுவருக்குத் திரும்பி வந்தன. முன்பிருந்த அளவு இல்லை, கொஞ்சம் குறைவுதான். அதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குண்டு பல்பின் மஞ்சளில் இருக்கும் ஒரு கனிவு இதில் முக்கால்வாசிதான் வருகிறது. என் கணவர் கூடத்தை மூன்று முறை சுற்றி வந்து, "பரவாயில்லை" என்றார். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை. நான் மீட்டர் பெட்டிக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு நிமிடம் போதவில்லை. ஐந்து நிமிடம் நின்றும் 13 மினுங்கல்தான். 49 வாட்.

பழைய பல்பு உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இதுவரை எரித்தது விளக்கு என்பதைவிட, கொஞ்சம் வெளிச்சமும் தரும் அடுப்பு என்பதே சரி. கோடையில் கூடத்து ஏசி அந்த அடுப்பின் சூட்டையும் சேர்த்து வெளியே இறைத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தனியாக இன்னும் ஒரு 150 வாட்டாவது போயிருக்கும். விளக்கின் உச்சிக்கு நேர் மேலே கூரையில் ஒரு பல்லி நிரந்தரமாகக் குடியிருந்தது. பல்பு மாற்றிய பத்து நாளில் அது மீட்டர் பெட்டிப் பக்கம் ஜாகை மாற்றிக்கொண்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் அத்தை ஒரு விஷயம் சொன்னார். இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், கூடத்தில் யாரோ பன்னிரண்டு அகல் ஏற்றி வைத்த மாதிரி மங்கலாக வெளிச்சம் தெரிகிறது என்றார். அரைக்கண் பார்வை, தூக்கக் கலக்கம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மறுநாள் நானே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்று பார்த்தேன். அத்தை சொன்னது சரி. ஒவ்வொரு பல்பிலும் குச்சிகள் செவ்வெறும்பு அளவுக்கு மினுக்கென்று கனன்றுகொண்டிருந்தன.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். எங்கள் சுவிட்சில் இருட்டில் தெரிவதற்காக ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இருக்கிறது. அதன் வழியாக ஒரு துளி மின்சாரம் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும், குண்டு பல்பை எரிக்க அது எந்த மூலைக்கும் காணாது, எல்இடிக்கு அது போதும் என்றார். அந்தச் சுவிட்சைக் கழற்றி, சாதாரணச் சுவிட்ச் போட்டார். அப்படியும் மினுக்கம் முழுவதுமாகப் போகவில்லை. தம்பி புருவத்தைச் சுளித்தார். சுவிட்சை அணைத்த நிலையில் ஏணி ஏறி, ஒரு பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை விட்டார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, இதை இவ்வளவு நாளாக யார் துடைத்தார்கள்?" என்று மேலிருந்து கேட்டார்.

நான்தான் துடைத்தேன். போகிக்கு முதல் நாள் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணியில் நின்றபடி, ஈரத்துணியோடு. வீட்டுக்கு ஒயரிங் செய்தபோது அந்த ஒரு சுவிட்சில், மின்சாரம் வரும் பேஸ் ஒயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரும் இடம் மாறியிருக்கிறது. சுவிட்ச் வெட்டியது நியூட்ரலை. பல்பு அணையும், ஆனால் விளக்கின் ஒயர்களுக்குள் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். குண்டு பல்பு இருந்தவரை இது தெரிய வழியே இல்லை. எல்இடியின் அந்த மங்கல் வெளிச்சம்தான் காட்டிக்கொடுத்தது. தம்பி அதைச் சரிசெய்ததும் மினுக்கம் நின்றது. பித்தளைக் கிளைகளுக்கு எர்த் ஒயர் இல்லை என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்து, அதையும் இழுத்துவிட்டார். கிளைகளுக்குள் ஓடிய பழைய ஒயரைத் தொங்கவிடும்போதே மாற்றியிருந்தோம். தொட்டால் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. பழைய சரவிளக்கை வாங்குபவர்கள் விலை பேசும்போதே புது ஒயரிங் செலவையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். எல்இடி போட்ட பிறகு, அணைத்த விளக்கு இருட்டில் கனன்றால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குட்டிச் சிவப்பு விளக்காகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதோடு முடியவில்லை. இப்போதெல்லாம் துடைக்கிற நாளில் மெயினையே இறக்கிவிடுகிறேன்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் ஒன்று இருந்தது, பித்தளைக் குமிழோடு. அது குண்டு பல்பின் காலத்துச் சரக்கு. 480 வாட்டைக் கையாளப் பழகியது 48 வாட்டைப் பார்த்ததும் தடுமாறி, விளக்கைத் துடிதுடிக்க வைத்தது. டிம்மரோடு சேரும் எல்இடி தனியாக இருக்கிறது, விலை கூடுதல், டிம்மரையும் அதற்கேற்றதாக மாற்ற வேண்டும். நாங்கள் குமிழைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதில் தம்பி ஒரு யோசனை சொன்னார். பன்னிரண்டு பல்பையும் நாலு, எட்டு என்று பிரித்து இரண்டு சுவிட்ச் போட்டுவிடலாம் என்றார். இந்தக் கதையில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை.

பிப்ரவரி ரீடிங் வந்தது. 461 யூனிட், 1491 ரூபாய். முந்தையதைவிட 133 யூனிட்டும் 1211 ரூபாயும் குறைவு. இதில் சரவிளக்கின் பங்கு என் கணக்குப்படி 117 யூனிட்டுக்குப் பக்கம். மற்றது மார்கழிக் குளிரின் உபயம், ஏசியைத் தொடவே இல்லை. பல்புக்குப் போட்ட 2100 ரூபாய் இரண்டாவது பில்லிலேயே திரும்பிவிட்டது. முதலில் வாங்கிய தப்பான பல்புகளின் பணத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி என் கணவர் வற்புறுத்தினார்.

எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் வந்தது. முன்பு 480 வாட்டை இன்வெர்ட்டரில் கொடுக்க எந்த எலக்ட்ரீஷியனும் ஒத்துக்கொள்ளமாட்டார். பேட்டரியை உறிஞ்சித் துப்பிவிடும். இப்போது நாலு பல்பு சுவிட்சை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டோம், 16 வாட்தானே. சித்திரை மாதம் ஒரு நாள் இரவு இடி மழையில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் கூடத்தில் மட்டும் லஸ்தர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்து படிக்கிறோம் என்று உட்கார்ந்து, அண்ணாந்து கண்ணாடியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எல்இடிக்கு மாறியதும் எங்களுக்குள் வந்த ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘எல்இடிதானே’ என்று ஆரம்பித்தோம். முன்பு சமையலறைக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போன கை, இப்போது அணைப்பதில்லை. நாலரை மணி நேரம் ஏழாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலும் எரிந்தது. இரண்டு மாதம் தினமும் ஏழு மணி நேரம் என்றாலும் 20 யூனிட்தான், முன்பிருந்ததற்கு ஆறில் ஒன்றுகூட இல்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இதே கூடத்தில் சுவரோரம் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று இருக்கிறது. புத்தகம் படிக்க, காய் நறுக்க, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர அது போதும். சரவிளக்கு எல்இடியாக இருந்தாலும் அந்த டியூபைப் போல இரண்டரை மடங்கு தின்கிறது. ‘மின்சாரத்தைச் சேமிக்கும் சரவிளக்கு’ என்று கடைப் பலகைகளில் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏற்கெனவே குண்டு பல்போடு தொங்கும் சரவிளக்கை மாற்றினால் சேமிப்பு, சந்தேகமே இல்லை. வெறும் கூரையில் புதிதாக ஒன்றைத் தொங்கவிட்டால் அது செலவு. ஆசைக்காகத் தொங்கவிடுங்கள், நானும் அதன் கீழேதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சேமிப்புக்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தினசரிக்கு நாலு பல்பு. பன்னிரண்டும் எப்போது எரிய வேண்டும் என்பதை அத்தைதான் முடிவு செய்கிறார். வெள்ளிக்கிழமை, பேரன் ஹாஸ்டலிலிருந்து வரும் நாள், தொடர் நாடகத்தில் கல்யாணம் நடக்கும் நாள். இரண்டாவது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. நாலு பல்பிலேயே முகமெல்லாம் தெரிகிறது என்கிறார்.

பதினான்கில் இரண்டு பல்பு ஒரு வருடத்துக்குள் போய்விட்டன. பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் எரித்த கணக்கில் ஒன்பது வருடம் வர வேண்டும். எல்இடி சில்லு பெரும்பாலும் கெடுவதில்லை, அதற்குக் கீழே மரைக்குள் திணித்திருக்கும், வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற குட்டிச் சர்க்யூட்தான் சூட்டிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் முதலில் போகிறது என்றார் தம்பி. ரசீதை வைத்திருந்ததால் ஒன்றை மாற்றித் தந்தார்கள். இன்னொன்றின் ரசீதை நான் வேறு பையில் வைத்து, அந்தப் பையைத் துவைத்துவிட்டேன்.

பல்பைக் கழற்றி மாற்ற முடிந்ததே பெரிய காரியம் என்பது கோயம்புத்தூரில் என் கூடப்பிறந்த தம்பி வீட்டைப் பார்த்தபோது தெரிந்தது. அவன் வாங்கியது புது ரகம். வளையம் வளையமாகப் பளபளக்கும், ரிமோட்டை அழுத்தினால் வெள்ளை, மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் ஒன்று என மூன்று நிறம் மாறும். எல்இடி சரவிளக்கு என்றுதான் விற்றார்கள். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் 150 வாட் என்று இருந்ததை அவன் பார்க்கவில்லை. எங்கள் பழைய பெல்ஜியம் விளக்கு இப்போது தின்பதைப் போல மூன்று மடங்கு. அணைத்திருக்கும்போதும் ரிமோட்டின் உத்தரவுக்காக அது கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே விழித்திருக்கும். அதைக்கூட மன்னிக்கலாம். அதில் பல்பு என்று தனியாக எதுவும் இல்லை. எல்இடி பட்டை வளையத்துக்குள் ஒட்டியிருக்கிறது. ஒன்றரை வருடத்தில் டிரைவர் போனது. விற்ற கடைக்காரர் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். சரவிளக்கு வாங்கப் போனால் முதலில் ஒரு பல்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற முடியாததாக இருந்தால் டிரைவர் எங்கே இருக்கிறது, விளக்கை இறக்காமல் கையை விட்டு எடுக்க முடியுமா, அதன் மேல் எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் இருந்தால் அதே அளவுள்ள வேறு டிரைவரைத் தேடியாவது போடலாம். மொத்த வாட்டைக் கேளுங்கள். ஒரு பல்பின் வாட்டைச் சொல்லி மழுப்புவார்கள், எண்ணிக்கையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

என் தம்பி டிரைவரின் அளவைத் தெரிந்துகொள்ள விளக்கையே இறக்க வேண்டியிருந்தது. சாரம் கட்ட ஆள் கேட்ட கூலி விளக்கின் விலையில் கால்வாசி. யோசித்துச் சொல்கிறேன் என்றான். போன மாதம் போயிருந்தேன். பளபளவென்று மூன்று வளையங்களும் இருட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே, சாப்பாட்டு மேஜைக்கு மேல், ஆணியில் ஒயரைச் சுற்றி ஒரு 9 வாட் பல்பைக் கட்டியிருந்தான். எரியும்போது அதன் வெளிச்சம் வளையங்களில் பட்டு நன்றாகத்தான் இருந்தது.